போர்வையில் அடித்த தந்தி

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது, கறண்டில் நம்பிக்கை உண்டு. கம்பியில் கறண்ட் போனால் எழுத்து விழும், போகாவிட்டால் விழாது. யாழ்ப்பாணத்தில் தந்தி அலுவலகத்தில், எங்கள் பேச்சில் தந்திக் கந்தோரில், டெலிபிரிண்டர் அடிக்க உட்கார்ந்த நாளிலிருந்து இதை நம்பித்தான் சோறு தின்றிருக்கிறேன். பங்குச் சுவாமியார் ஆவிகளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது நடந்தது, எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நானும் என் கணவர் தேவாவும் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் கடந்து, முகாம் முகாமாகத் திரிந்து, கடைசியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் தங்க வைக்கப்பட்டோம். வேலைக்கு அனுமதி கிடைத்ததும் எனக்கு ஒரு மருந்துக் கம்பனியின் கிளைக் களஞ்சியத்தில் இடம் கிடைத்தது. மருந்துக்கடைகளுக்குப் பெட்டி கட்டி அனுப்புகிற இடம். ஊரில் என்ன வேலை செய்தேன் என்று பொறுப்பாளர் ஹெர் வில்கென்ஸ் கேட்டபோது டெலிபிரிண்டர் என்றேன், மனிதர் உடனே எழும்பி என்னை மூலையில் இருந்த மெசினுக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டார். அவருக்கு அந்த மெசினைக் கண்டாலே ஆகாது. எனக்கோ அதைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. ஜெர்மனியில் நான் கண்ட முதல் தெரிந்த முகம் அதுதான்.

அந்த மெசினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது, அதோடு சொல்வதில் எனக்கு ஆசையும் இருக்கிறது. ஜெர்மன்காரர் அதை ஃபெர்ன்ஷ்ரைபர் என்பார்கள், தூரத்தில் எழுதும் மெசின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டச்சு மெசின், அதிலிருந்து ஒரு தந்திக் கம்பி, கம்பியின் மறுமுனையில் ஹனோவரில் தலைமைக் கந்தோரில் ஒரு முழு அறையையும் அடைத்துக்கொண்டு நின்ற பெரிய கம்ப்யூட்டர். அந்தக் கம்பியில் ஒருவரும் பேசாத நேரத்திலும் கறண்ட் ஓடிக்கொண்டேயிருக்கும். அது ஒரு கணம் நின்றால் 'எழுத்து வருகிறது, கவனி' என்று அர்த்தம். அதற்குப் பின்னால் ஐந்து துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் கறண்ட் இருக்கும் அல்லது இருக்காது, அந்த ஐந்தையும் வைத்து மெசின் இது இன்ன எழுத்து என்று பிடித்து அடித்துவிடும். பிறகு ஒரு சின்ன ஓய்வு, அவ்வளவுதான். இரண்டு முனைக்கும் நேரம் பார்க்க ஒரே மணிக்கூடு தேவையில்லை, ஒவ்வொரு எழுத்தும் தன் தொடக்கத்தைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறது. இதை யோசித்துக் கண்டுபிடித்தவரின் மூளைக்கு மாலை போட வேண்டும் என்று தேவாவிடம் அடிக்கடி சொல்வேன்.

ஐந்து துடிப்புக்குள் எழுத்தும் எண்ணும் எல்லாம் அடங்காது. அதனால் ஒரே துடிப்பு வரிசைதான் எழுத்துக்கும் எண்ணுக்கும். எண் பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டால் பிறகு வருவதெல்லாம் எண். அழுத்த மறந்தால் 2 விழ வேண்டிய இடத்தில் W விழும். யாழ்ப்பாணத்து மெசினில் அந்தப் பொத்தான் ஒரு பக்கம், இந்த மெசினில் மறுபக்கம். வந்த புதிதில் என் விரல் பழைய பக்கத்துக்கே ஓடும். திட்டித் திட்டித்தான் அதைப் பழக்கினேன்.

அந்தப் பெரிய கம்ப்யூட்டர் நாடு முழுவதும் இருந்த கிளைகளின் கணக்கைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிக்கக்கூடியது. ஆனாலும் எங்களோடு பேசும்போது எங்கள் நடைக்கு இறங்கி வரும். அதற்கு முன்னால் ஒரு பெட்டி இருந்தது. ஒவ்வொரு கம்பியிலும் தட்டுத் தட்டென்று வரும் எழுத்துகளை அந்தப் பெட்டி பொறுக்கிச் சேர்த்து, வசனம் முழுதானதும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். அத்தனை கிளைகள் ஒரே நேரத்தில் அடித்தாலும் ஒருவரின் எழுத்து மற்றவரின் வசனத்துக்குள் போகாது. இவ்வளவு பெரியது இவ்வளவு பொறுமையாக இருக்கிறதே என்று எனக்குப் பெரிய மரியாதை.

இன்னொன்றும் இருக்கிறது, முக்கியமானது. கிளைகள் மருந்து கேட்டு அனுப்பும் ஓடரை எடுக்க முதல் கம்ப்யூட்டர் கம்பியில் 'வேர் டா?' என்று ஒரு குறி அனுப்பும். 'யார் அங்கே?' என்று அர்த்தம். அதற்கு நாங்கள் கையால் பதில் அடிக்கக் கூடாது, அடிக்கவும் ஏலாது. மெசினின் வயிற்றுக்குள் விரல் நீளத்தில் ஒரு பல்லுருளை இருக்கிறது, குறி வந்ததும் அது தானே ஒரு சுற்றுச் சுற்றி அந்த மெசினின் பெயரைச் சொல்லும். சில பற்களை உடைத்து, சிலதை விட்டு, பெயரை உலோகத்திலேயே வெட்டியிருப்பார்கள். ஓடர் முடிந்ததும் கம்ப்யூட்டர் மறுபடியும் 'யார் அங்கே?' என்று கேட்கும். இரண்டு தடவையும் ஒரே பெயர் வந்தால்தான் ஓடரை ஏற்கும், ஏற்றதும் 'பெறப்பட்டது' என்று எங்கள் மெசினில் தானே அடித்துவிடும். ஒருநாள் மழை ஈரத்தில் கம்பி சேட்டை விட்டு, பெயரில் ஒரேயொரு எழுத்து மாறி விழுந்தது, அன்றைய ஓடர் முழுவதையும் தள்ளிவிட்டது. அவ்வளவு கறார். எங்களிடமும் இந்த நாட்டில் எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை கடதாசி காட்டினாலும் ஆட்களுக்கு நம்பிக்கை வராது. மெசினுக்கு ஒரு உருளை போதும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஹனோவரில் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர் ஃப்ராவ் யான்ஸன். நான் அவரைக் கண்டதில்லை, குரல் கேட்டதில்லை. ஓடருக்கும் ஓடருக்கும் நடுவில் மெசினில் இரண்டு வரி பேசிக்கொள்வோம், அங்கே மழையா, காலில் நோவு குறைந்ததா என்று. அடிக்கிற வேகத்தைப் பார்த்தே ஆளுக்குக் கோபமா சந்தோஷமா என்று எங்கள் தொழிலில் தெரிந்துவிடும். நல்ல மனுசி.

நாங்கள் வந்து மூன்றாவது கிறிஸ்மஸ், எங்கள் பேச்சில் நத்தார், அதற்கு முந்திய வாரம் அந்த மெசினைக் கழற்றினார்கள். புது வருசத்திலிருந்து திரை வைத்த புதுக் கருவி வரப்போகிறது, அதுவரைக்கும் டெலிபோனில் சமாளியுங்கள் என்றார்கள். கழற்ற வந்த மெக்கானிக் கம்பியை வெட்டி, மெசினைப் பெட்டி கட்டும் அறையில் கவிழ்த்து வைத்தார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, அந்தப் பல்லுருளையை உருவி என் கையில் தந்தார். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை மறந்துவிடாதீர்கள்.

நத்தாருக்கு முதல் நாள். எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த கிழவி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, நிலவறையில் தான் போட்டு வைத்த போத்தல்களை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். தேவா ஒரு போத்தல் போஞ்சியை, பீன்ஸ் காயை, தூக்கிக்கொண்டு சந்தோஷமாக மேலே வந்தார்.

"இஞ்சை பாரும் மனோ, மூடி பொங்கி நிக்குது. எங்கட தோசை மா மாதிரி நல்லாப் புளிச்சிருக்கு."

ஜெர்மன்காரராக இருந்தால் அந்த மூடியைக் கண்டவுடனே தூர எறிந்திருப்பார்கள். எங்களுக்குப் பொங்கினால் பக்குவம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். அடுப்பில் வைத்திருந்தாலாவது தப்பியிருக்கலாம், இவர் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து பச்சையாகவே சம்பல் போட்டுச் சாப்பிட்டார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே போஞ்சி பிடிக்காது. இல்லாவிட்டால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

நத்தார் காலை பூசைக்கு வெளிக்கிடும்போது தேவா கட்டிலில் இருந்தபடி சொன்னார், "மனோ, மாதா சுருவம் ரெண்டாத் தெரியுது." எதிரே இருந்த மாதா சிலையைத்தான் சொன்னார், நான் பகிடி என்று நினைத்தேன். பார்த்தால் இமை இரண்டும் பாதி விழுந்து கிடக்கிறது, நாக்கு தடிக்கிறது, தண்ணீர் கொடுத்தால் விழுங்க முடியவில்லை. டெலிபோனைத் தூக்கினேன், செத்துக் கிடந்தது. இரவு பெய்த உறைமழையில் ஊரைச் சுற்றிக் கம்பியெல்லாம் ஐஸ் பிடித்து அறுந்து விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் தவண்டு தவண்டு எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அங்கே இருந்த டொக்டர் அம்மா இவருடைய பேச்சைக் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி எவ்வளவு குடித்தார் என்று. எனக்கு வந்த கோபத்தில் ஜெர்மன் மறந்து, "அவர் தொடுறேல்லை!" என்று தமிழில் கத்தினேன். பிறகு பொறுமையாக நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். போஞ்சி, போத்தல் என்றேன். மூடி எப்படி இருந்தது என்று கேட்டதற்குக் கையைக் குவித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

அந்தப் போத்தலில் ஊறியிருந்தது நரம்பைப் பிடிக்கிற நஞ்சு. கண்ணில் தொடங்கி, தொண்டைக்கு வந்து, கடைசியில் மூச்சைப் பிடிக்கும். அதற்கு ஒரு முறிவு மருந்து இருக்கிறது, அது எவ்வளவுக்கு முந்திப் போகிறதோ அவ்வளவுக்கு நல்லது. அந்த ஆஸ்பத்திரியில் அது இல்லை. தீயணைப்புக்காரரின் ரேடியோவில் பெரிய ஆஸ்பத்திரிகளைக் கேட்டார்கள், முதலில் கேட்ட இடத்திலும் இல்லை, அடுத்த இடத்தைக் கேட்கிறோம் என்றார்கள்.

எனக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியும்! ஹனோவர் மத்திய களஞ்சியத்தில், குளிர்ப்பெட்டியில். எங்கள் மெசினில் இருப்பு விவரம் வரும்போதெல்லாம் அந்தப் பெயரை நானே பார்த்திருக்கிறேன், ஒருவரும் கேட்காததால் எப்போதும் அதே எண்ணிக்கையில் கிடக்கும். டொக்டரிடம் சொன்னேன், அவர் ரேடியோக்காரருக்குச் சொன்னார். நத்தார் அன்று கம்பனியின் டெலிபோனை எடுக்க ஆள் இல்லை என்று பதில் வந்தது. நத்தார் அன்றும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள அந்த அறையில் ஃப்ராவ் யான்ஸன் இருப்பார், ஆனால் அந்த அறைக்குக் காது தந்திக் கம்பியில் மட்டும்தான். கம்பி அறுந்து கிடக்கிறது, மெசின் கவிழ்ந்து கிடக்கிறது, அதன் பெயர் என் கைப்பையில் கிடக்கிறது. மருந்து இருக்கிற இடம் தெரிந்தும் சொல்ல வழியில்லாமல் இருந்த அந்த மத்தியானத்தை என் பகைவருக்கும் வர வேண்டுமென்று நான் நினைக்க மாட்டேன்.

தேவாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். யன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சம், பனி பளபளத்துக்கொண்டிருந்தது. ஜெபம் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. கை மட்டும் சும்மா இருக்கவில்லை. அவர் காலடியில் போர்வையின் மேல் இரண்டு கையையும் வைத்து அடிக்கத் தொடங்கினேன். விசர் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள், நினையுங்கள். களஞ்சியத்தின் பெயர், மருந்தின் பெயர், இரண்டு போத்தல், ஆஸ்பத்திரியின் பெயர், அவசரம் அவசரம், என் கணவர். எல்லாம் வழக்கமான ஒழுங்கில் அடித்தேன். இரண்டு என்ற எண்ணுக்கு வரும்போது விரல் யாழ்ப்பாணத்துப் பக்கத்துக்கு ஓடியது எனக்கே தெரிந்தது. இந்த நேரத்திலும் பிழை விடுகிறாயே என்று என்னையே ஏசினேன், ஆனால் போர்வையில் அடித்ததைத் திருத்துவதாவது!

அடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் காலடியில் இருந்த கைப்பைக்குள் கிறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரேயொரு தடவை. வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வை சரிந்திருக்கும் என்று நினைத்தேன், அந்த நேரம் வேறு எதை நினைக்கத் தோன்றும்?

வெளியே இருட்டத் தொடங்கி மைமலாகிற நேரம் பனி தள்ளுகிற லொறிக்குப் பின்னாலேயே ஒரு கம்பனி வான் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. குளிர்ப்பெட்டிக்குள் இரண்டு போத்தல். டொக்டர் அம்மா ரேடியோக்காரரைப் பார்த்தார், அவர் நான் இல்லை என்று தலையாட்டினார். ஒருவரும் ஒன்றும் கேட்க நிற்கவில்லை, நேரே தேவாவின் கையில் ஏற்றினார்கள். மூச்சு மெசின் வைக்கிற அளவுக்கு நிலைமை போகவில்லை. இமை முழுதாகத் திறக்கப் பல நாள் பிடித்தது. பிறகு ஒரு காலை என்னைப் பார்த்து, "இப்ப நீர் ஒரு ஆளாத்தான் தெரியிறீர்" என்றார். நான் அவருடைய நெஞ்சில் முகத்தை வைத்து அழுது தீர்த்தேன்.

டெலிபோன் திருத்தியதும் முதல் வேலையாக ஹனோவர் கம்பனிக்கு எடுத்து, கம்ப்யூட்டர் அறை ஆளைக் கூப்பிடச் சொன்னேன். அன்றைக்குத்தான் ஃப்ராவ் யான்ஸனின் குரலை முதல் தடவை கேட்டேன், நினைத்ததைவிடத் தடித்த குரல்.

"எப்பிடித் தெரிஞ்சு மருந்து அனுப்பினீங்கள்?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

"என்ன கேள்வி இது? நீங்கள்தானே ஓடர் அடிச்சனீங்கள்," என்றார்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு கிளையாகக் கவனிக்கும் வரிசையிலிருந்து எங்கள் கிளையின் கம்பியை ஏற்கனவே எடுத்துவிட்டார்களாம். அப்படியிருந்தும் அன்று மத்தியானம் அந்தக் கம்பியில் அழைப்பு வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் 'யார் அங்கே?' என்று கேட்க, எங்கள் களஞ்சியத்தின் பெயர் சுத்தமாக வந்து விழுந்திருக்கிறது.

"ஒரு பிழை மட்டும் விட்டிருந்தீங்கள். W போத்தல் எண்டு வந்தது. எண் பொத்தானை மறந்திட்டீங்கள் எண்டு விளங்கி ரெண்டு அனுப்பினன்," என்று சிரித்தார். போர்வையில் விட்ட பிழையை நான் தேவாவுக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"இன்னொண்டு கேக்கவேணும்," என்றார் அவர். "முடிவிலை கேட்ட நேரம் உங்கட பெயர் வரேல்லை, வேறை ஒரு பெயர் வந்தது. அப்பிடியெண்டால் கம்ப்யூட்டர் ஓடரைத் தள்ளவேணும். தள்ளேல்லை. இஞ்சை ஒருத்தருக்கும் ஏனெண்டு தெரியேல்லை. அது எந்தக் கிளை?"

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அது எங்கள் யாழ்ப்பாணத் தந்திக் கந்தோரின் பெயர். என் பழைய மெசினின் உருளையில் வெட்டியிருந்த பெயர். ஜெர்மனியில் அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, சொல்ல ஒரு தேவையும் வந்ததில்லை. கைப்பைக்குள் உருளை சுற்றிய சத்தம் ஒரு தடவைதான் கேட்டது, கம்ப்யூட்டர் கேட்டதோ இரண்டு தடவை.

ஹெர் வில்கென்ஸ் விடுமுறை முடிந்து களஞ்சியத்தைத் திறந்தபோது நானும் கூடப் போனேன். வாசலில் பனி கலையாமல் கிடந்தது, ஒரு சப்பாத்து அடையாளம்கூட இல்லை. மெசின் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது, கம்பி வெட்டிய முனையோடு. தேவா இன்றைக்கும் இதைக் கேட்டால் ஃப்ராவ் யான்ஸன் ஏதோ மாறி விளங்கிக்கொண்டார், உமக்கும் பதட்டம் என்று சொல்வார். பிறகு மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உருளையை எடுத்துத் தூசு துடைத்து வைப்பார். அந்தக் கம்ப்யூட்டரும் இப்போது இல்லை, பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் தள்ளுகிற அது, யார் அங்கே என்று கேட்டு நான் சொன்ன இரண்டு பெயரையும் நம்பியது. இந்த நாட்டில் எங்களை அப்படி நம்பியது அதுதான் முதல், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கைகூப்பத் தோன்றும்.

இவ்வளவும்கூட எப்படியோ மனதுக்குள் ஆறிவிட்டது. ஆறாதது ஒன்றுதான். ஃப்ராவ் யான்ஸன் டெலிபோனை வைக்க முதல் சொன்னார், ஓடரை ஏற்றதும் வழக்கம்போலக் கம்ப்யூட்டர் 'பெறப்பட்டது' என்று திருப்பி அடித்ததாம், மறுமுனை அதைக் கடைசி எழுத்து வரைக்கும் வாங்கிக்கொண்டதாம். போர்வையில் ஒன்றும் அச்சாகவில்லை, களஞ்சியத்து மெசினிலும் கடதாசி வெறுமையாகத்தான் இருந்தது. பிறகொரு கோயில் பெருநாளில் பீலெஃபெல்டில் சந்தித்த பழைய சிநேகிதி ஒருத்தி சொன்னாள், அந்த மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கந்தோர் பூட்டிக் கிடந்ததாம், கறண்டும் இல்லையாம், என் மெசினைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்களாம். ஆனால் நான் கறண்டை நம்புகிறவள். கறண்ட் ஓட வேண்டுமென்றால் கம்பிக்கு இரண்டு முனை வேண்டும். அப்படியென்றால் அந்த 'பெறப்பட்டது', என் தேவா பிழைப்பார் என்ற செய்தி, அந்தச் சாக்குக்குக் கீழே ஜெர்மன் மொழியில் அச்சாகி, கிழித்தெடுக்க ஆளில்லாமல் கிடந்திருக்க வேண்டும்.